பூட்டிய வீடுகளின் கோடை: பாம் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கில் வீட்டுக்காவலின் வரலாறு

கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கில், சான் ஜசின்டோ மலையின் கீழைச்சரிவை ஒட்டித் தொடங்கிச் சால்டன் ஏரியை நோக்கித் தாழ்ந்து செல்லும் கோச்செல்லா பள்ளத்தாக்கில், ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே குடியிருப்பதற்கென வாங்கப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வெயில் ஏறத் தொடங்கியதும் உடையவர்கள் கனடாவுக்கும் அமெரிக்காவின் வடபகுதிகளுக்கும் கடற்கரை நகரங்களுக்கும் திரும்பிவிடுவதால், பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல் நிற்கும் மாதங்களில் இவ்வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இவற்றை வடிவமைத்த கட்டடக் கலைஞர்களைப் பற்றியும் இவற்றில் தங்கிச் சென்ற திரைப்பட நடிகர்களைப் பற்றியும் நூல்கள் பல வெளிவந்துள்ளன. ஆனால் ஆளில்லாத மாதங்களில் இவற்றைக் காத்தவர்கள் யார், அக்காவல் எவ்வாறு நடந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. பள்ளத்தாக்கின் வரலாற்றை இக்கேள்வியின் வழியே அணுகும்போது, நிலம் யாருடையது, பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது என்பவை இந்தச் சிறிய வேலையோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பது புலப்படும்.

கோடையில் இருப்பிடம் மாற்றும் வழக்கம் இங்குச் செல்வர்கள் கொண்டுவந்த புதுமை அன்று. பள்ளத்தாக்கின் தொல்குடிகளான கவீயா மக்கள், குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றை அடுத்த சமவெளியில் வாழ்ந்து, வெயில் கடுமையாகும்போது தாக்கிட்ஸ், ஆன்டிரியாஸ், பாம் முதலிய மலையிடுக்குகளின் ஓடைக்கரைகளுக்கு ஏறிச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். கிஷ் எனப்படும் அவர்களது குடில், மரக்கால்களை நட்டுப் பனையோலையும் நாணல் போன்ற புதர்க்குச்சிகளும் வேய்ந்து அமைக்கப்பட்டது. அதைக் காற்று சாய்த்துவிட்டால் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே மீண்டும் எழுப்பிக்கொள்ள முடிந்ததால், அது காவலைக் கோரவில்லை. காக்க வேண்டியிருந்தது உணவு. தமிழகத்தில் சீமைக்கருவேலம் என்று அறியப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளையும், மலைச்சரிவுகளில் உதிரும் ஓக் கொட்டைகளையும் அவர்கள் பெரிய கூடைக்குதிர்களில் சேமித்தனர். பச்சைக் கொம்புகளால் பின்னப்பட்ட அக்குதிர்கள், எலியும் ஈரமும் எட்டாதபடி தரையிலிருந்து உயர்த்திய மேடைகளின்மீது வைக்கப்பட்டன. இல்லாத காலத்திலும் கெடாத வகையில் பொருளை வைத்துச் செல்லும் அறிவு இப்பள்ளத்தாக்கில் எத்தனை பழமையானது என்பதற்கு இக்குதிர்களே சான்று.

1877இல் லாஸ் ஏஞ்சல்ஸையும் யூமாவையும் இணைத்த சதர்ன் பசிபிக் இருப்புப்பாதை இந்த ஏற்பாட்டை உடைத்தது. இருப்புப்பாதை அமைப்பதற்கு ஊக்கமாக, பாதையின் இருபுறமும் இருந்த நிலத்தை ஒரு சதுர மைல் அளவுள்ள பிரிவுகளாக எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணுள்ள பிரிவுகளைக் கூட்டரசு, இருப்புப்பாதை நிறுவனத்துக்கு வழங்கியது. இரட்டைப்படைப் பிரிவுகளில் ஒரு பகுதி 1876, 1877 ஆகிய ஆண்டுகளின் குடியரசுத் தலைவர் ஆணைகளால் கவீயா மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. இதனால் நிலவரைபடம் சதுரங்கக் கட்டம்போல் ஆயிற்று. வெந்நீர் ஊற்று அமைந்த 14ஆம் பிரிவு கவீயா மக்களின் பங்கில் இருந்தது. பிற்காலத்தில் அதுவே பாம் ஸ்பிரிங்ஸ் நகரின் நடுப்பகுதியாக வளர்ந்தது.

வெளியார் குடியேற்றம் நோயாளிகளிலிருந்து தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞரான ஜான் குத்ரி மெக்கல்லம், காசநோயால் வாடிய தம் மகனுக்கு வறண்ட காற்று உதவும் என்று நம்பி 1884இல் இங்கு வந்து சுடாத மண்கல்லால் வீடு கட்டினார். நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களில் அதுவே மிகப் பழமையானது. அவர் வளர்த்த தோட்டங்கள் 1890களின் வெள்ளத்தாலும் அதைத் தொடர்ந்த நெடிய வறட்சியாலும் அழிந்தன. 1909இல் நெல்லி காஃப்மன் டெசர்ட் இன் என்ற விடுதியைத் தொடங்கியபோதும் வந்தவர்களுள் பலர் நெஞ்சுநோயாளிகளே. கூடாரக் குடில்களில் தொடங்கிய அவ்விடுதி சில ஆண்டுகளில் வசதி படைத்தோரின் குளிர்கால ஓய்விடமாக மாறியது. 1927ஆம் ஆண்டின் கடைசி நாளில் எல் மிராடர் விடுதியும், 1934இல் நடிகர்கள் சார்லஸ் ஃபாரலும் ரால்ஃப் பெல்லாமியும் நிறுவிய ராக்கெட் கிளப்பும் திறக்கப்பட, ஹாலிவுட் இங்கே குளிர்காயத் தொடங்கியது. 1938இல் ஊர் நகராட்சியாயிற்று.

இக்காலத்து ஊர் வாழ்க்கை முழுவதும் பருவத்தை ஒட்டியே நடந்தது. விடுதிகளும் கடைகளும் கோடையில் அடைக்கப்பட்டன; குளிர்கால வீடுகளை உடையவர்கள் புறப்படுமுன் தளவாடங்களின்மீது துணி போர்த்தி, குழாய்களிலிருந்து நீரை வடித்து, சன்னல் கதவுகளைச் சாத்திச் சென்றனர். பெருவீடுகளில் தோட்டக்காரரோ, பின்கட்டில் குடியிருந்த வேலைக்காரத் தம்பதியரோ காவலாகத் தங்கினர். பாம் ஸ்பிரிங்ஸிலும் அண்டை மாநிலமான அரிசோனாவின் பீனிக்ஸிலும் குளிர்சாதனம் வருவதற்குமுன் கோடையைக் கழித்தவர்கள், வலையடைத்த திறந்த தாழ்வாரங்களில் நனைத்த விரிப்பைப் போர்த்தி உறங்கினர். தேளும் எறும்பும் ஏறாதிருக்கக் கட்டில் கால்களை நீரோ மண்ணெண்ணெயோ நிரப்பிய டப்பாக்களில் நிறுத்தினர். உடையவருக்கு வீடு குளிர்காலத்தின் இன்பம் என்றால், காவலுக்கு நின்றவருக்கு அதே வீடு தாங்கிக் கடக்க வேண்டிய கோடை. இவர்களுள் எவர் பெயரும் கட்டடக்கலை நூல்களின் பெயரடைவில் இடம்பெறவில்லை என்பது அந்நூல்களின் குறையே.

அக்காலத்து வீடு ஆளில்லாமல் பிழைத்திருக்கக் கூடியதாக இருந்தமைக்கு அதன் எளிமையே காரணம். சுவர் தடிப்பாகவும் சன்னல் சிறிதாகவும் இருந்த மண்கல் வீட்டில் வடித்துவிடப்பட்ட சில குழாய்களைத் தவிரக் கெடுவதற்கு அதிகம் இல்லை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930களின் பிற்பகுதியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் அருகே தம் மாணவர்களைக் கொண்டு எழுப்பத் தொடங்கிய டாலியசின் வெஸ்ட் கூட, பாலைவனக் கல்லும் கற்காரையும் சேர்த்த சுவர்களின்மேல் கித்தான் துணியைக் கூரையாக விரித்த குளிர்காலப் பாசறையாகவே கருக்கொண்டது. வெயில் ஏறியதும் அக்குழு விஸ்கான்சினுக்குத் திரும்பியது. கித்தான் வெயிலில் விரைவில் இற்றுப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அங்கே விரைவில் தெரியவந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டின் இயல்பே மாறியது. பிட்ஸ்பர்க் நகரின் பல்பொருள் அங்காடி உரிமையாளரான எட்கர் காஃப்மனுக்காகக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா 1946இல் பாம் ஸ்பிரிங்ஸில் முடித்த இல்லம் இம்மாற்றத்தின் முதல் பெரிய அடையாளம். நகரத்துக் கடுங்குளிரிலிருந்து தப்பி வருவதற்கென்றே கட்டப்பட்ட அவ்வீட்டில் சுவர்களின் இடத்தைப் பெருமளவு கண்ணாடி எடுத்துக்கொண்டது. வெயிலையும், சான் கொர்கோனியோ கணவாய் வழியாக மணலை அள்ளிவரும் காற்றையும் தடுப்பதற்காக, தேவைப்படும்போது திருப்பி மூடக்கூடிய செங்குத்தான அலுமினியப் பலகைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. 1955இல் காஃப்மன் மறைந்தபின் அவ்வீடு சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் உடையவர்கள் பலர் மாறி, வடிவமும் பலவாறு மாற்றப்பட்டு, 1990களில்தான் அது பழைய நிலைக்குச் சீரமைக்கப்பட்டது. காஃப்மன் வீடு ஒரு செல்வரின் தனி விருப்பம். அதே அழகைப் பலருக்கும் கட்டுப்படியாகும் விலையில் தந்தது அலெக்சாண்டர் கட்டுமான நிறுவனம். 1950களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுகளில் அந்நிறுவனம் பள்ளத்தாக்கில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. வில்லியம் கிரைசல் வரைந்த அவ்வீடுகளில் தட்டையான அல்லது நடுவில் தாழ்ந்து இருபுறமும் இறக்கைபோல் உயர்ந்த கூரை, அகன்ற கண்ணாடிச் சன்னல், பின்புறம் நீச்சல் குளம் ஆகியவை பொதுவாக அமைந்தன.

இத்தகைய வீட்டைப் பாலைவனத்தில் சாத்தியமாக்கியது இயந்திரக் குளிர்ச்சி. 1930களில் தென்மேற்குப் பகுதியில் பரவிய ஏர் கூலர், ஆஸ்பன் மரச்சீவல் அடைத்த பக்கங்களில் நீரைச் சொட்டவிட்டு, அவற்றின் ஊடாக வெளிக்காற்றை விசிறியால் இழுத்து உள்ளே செலுத்தும் எளிய கருவி. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பம் குறைவதே அதன் தத்துவம். ஆனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாள்களில் நீர் போதிய அளவு ஆவியாகாது, அக்குறையை ஏ.சி. நீக்கியது. 1950களில் ஏ.சி. பரவியதன் விளைவாகப் பாலைவன நகரங்கள் பெருகின. 1940இல் 65,414 பேர் வாழ்ந்த பீனிக்ஸில் 1960இல் 4,39,170 பேர் வாழ்ந்தனர். அதே ஆண்டின் முதல் நாளில் பீனிக்ஸ் அருகே கட்டுமான அதிபர் டெல் வெப் திறந்துவைத்த சன் சிட்டி, ஓய்வுபெற்றோருக்கெனவே அமைக்கப்பட்ட நகரியமாக இருந்ததால், குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்கும் பழக்கம் நடுத்தர வகுப்பினரிடமும் வேரூன்றியது. கோடை முழுவதும் பாலைவனத்தில் வாழ்வதை ஏ.சி. இயலச் செய்தது, அதே சமயம், அதை நம்பிக் கட்டப்பட்ட வீட்டை ஆளில்லாமல் விட்டுச் செல்வதை முன்னெப்போதையும்விட அபாயமாக்கிற்று.

இதன் காரணம் வீட்டின் உள்ளுறுப்புகளில் இருக்கிறது. கைகழுவும் சிங்க், குளியலறைத் தரை, கழிப்பறை ஆகிய ஒவ்வொன்றின் கீழும் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அவ்வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கும் பூட்டு. குழாயைத் திறப்பவர் இல்லாத வீட்டில் அந்த நீர் சில வாரங்களில் வற்றிவிடும். வற்றியதும் துர்நாற்றமும், அதன் பின்னே சாக்கடையில் வாழும் பெரிய கரப்பான்களும் வீட்டுக்குள் ஏறும். ஆகவே புறப்படுவோர் வளைவுகளில் சிறிது எண்ணெய் ஊற்றி நீரின்மேல் படலம் அமைப்பதும், கழிப்பறைக் கோப்பையை நெகிழித் தாளால் இறுக மூடுவதும், காவலர் ஒவ்வொரு வருகையிலும் எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிடுவதும் வழக்கமாயின. ரப்பர் வாஷர்கள் உலர்ந்து வெடிக்கும். சலவை இயந்திரத்துக்குச் செல்லும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால், மெயின் வால்வு மூடப்படாத வீட்டில், யாரும் வந்து பார்க்கும்வரை நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காவலின் முதல் விதி மெயின் வால்வை மூடுவதே என்று இத்தொழிலோர் கொள்வது இதனால்தான். எனினும் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பாசனத்தை மூட இயலாது; ஜூலை வெயிலில் எலுமிச்சையும் ஆரஞ்சும் சில நாள்கள் நீரின்றி நின்றாலும் காய்ந்து சுருளும் என்பதால், வீட்டுக் குழாய்க்கும் தோட்டக் குழாய்க்கும் தனித்தனி வால்வு அமைப்பது நல்ல கட்டுமானத்தின் இலக்கணமாயிற்று.

ஏ.சி.யை அணைத்துவிட்டுச் செல்வதும் சிக்கனமாகாது. அணைத்த வீட்டின் உட்புறம் வெளியைப் போலவே கொதித்து, மரத் தளவாடங்களின் இணைப்புகள் பிரியும், ஒட்டுப்பசை இளகும், மெழுகுவத்திகள் உருகி அலமாரியில் வழியும், அழுத்தத்துடன் அடைக்கப்பட்ட தெளிப்பு டப்பாக்கள் வெடிக்கும். அதனால் தெர்மோஸ்டாட்டை 29 பாகை செல்சியஸ் அளவில் நிறுத்திச் செல்வதே பரவலான ஏற்பாடு. வறட்சியால் மரம் வெடிக்காதிருக்க அறைதோறும் வாளியில் நீர் நிரப்பி வைக்கும் பழைய வழக்கமும் சில வீடுகளில் தொடர்கிறது. ஆனால் ஏ.சி. ஒரு முறை பழுதுபட்டு எவரும் அறியாமல் போனால் இந்த முன்னேற்பாடுகள் அனைத்தும் வீணாகும். ஏ.சி. வெளியேற்றும் நீரைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் புழுதியால் அடைபட்டால், நீர் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே தேங்கி, ஈரக்காற்று மாதங்களில் பூஞ்சணம் படரச் செய்யும். நீச்சல் குளத்தின் நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறைய, மோட்டார் நீரின்றி ஓடிக் கருகும்; மோட்டார் நின்றால் குளம் சில நாள்களில் பாசி பிடித்துக் கொசுக்களின் பிறப்பிடமாகும். வசதிகளைக் குழாயிலும் கம்பியிலும் கொண்டுவந்து சேர்த்த வீடு, அவற்றைக் கவனிக்கும் ஒருவரின் கண்ணையும் கூடவே கேட்கிறது.

அக்கண்ணுக்கு உரியவர்கள் எங்கே வாழ்ந்தனர் என்ற கேள்வி, பாம் ஸ்பிரிங்ஸ் வரலாற்றின் மிக வேதனையான பகுதிக்கு இட்டுச்செல்கிறது. செல்வர்களின் வீடுகளைக் கட்டியவர்களும் துலக்கியவர்களும் தோட்டம் வளர்த்தவர்களுமான கறுப்பின, மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்களுக்கு, நகரின் பிற பகுதிகளில் வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுக்கப்பட்டதால், அவர்களுள் பெரும்பாலோர் கவீயா மக்களுக்குரிய 14ஆம் பிரிவில் மனை வாடகை செலுத்தித் தாமே எழுப்பிய சிறுவீடுகளில் வாழ்ந்தனர். 1959இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் அந்நிலத்தை 99 ஆண்டுகள்வரை குத்தகைக்கு விட வழிசெய்தது. அதனால் நகரின் நடுவில் இருந்த நிலம் திடீரென்று பெருமதிப்புப் பெற்றது. தொடர்ந்த ஆண்டுகளில் அங்கிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் அழிந்தன. வேலைக்குச் சென்று திரும்பியவர்கள் தம் வீடு நின்ற இடத்தில் சாம்பலைக் கண்ட நிகழ்வுகளும் உண்டு. கலிபோர்னியா தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 1968இல் வெளியிட்ட அறிக்கை நகராட்சியின் பங்கைக் கடுமையாகக் கண்டித்தது. ஆளில்லாத வீடுகள் காவலோடு நின்ற அதே ஊரில், ஆள் வாழ்ந்த வீடுகள் எரிக்கப்பட்டன.

கவீயா மக்களும் இதில் தப்பவில்லை. நிலத்தின் மதிப்பு உயர்ந்ததும், அவர்கள் தம் சொத்தைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று கொண்டு, நீதிமன்றம் பலருக்குப் பாதுகாவலர்களை நியமித்தது. உள்ளூர் வழக்கறிஞர்களும் சொத்து வணிகர்களும் அப்பொறுப்பில் அமர்ந்து, உடையவரின் வருவாயிலிருந்தே பெருந்தொகையைக் கட்டணமாக எடுத்துக்கொண்டனர். ரிவர்சைடு பிரஸ்-என்டர்பிரைஸ் நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்து 1968இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்கப் பேரவை அம்முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 14ஆம் பிரிவின் குடும்பங்களிடம் நகராட்சி மன்னிப்புக் கேட்க 2021வரை ஆயிற்று. 2024இல் முன்னாள் குடியிருப்பாளர்களுக்கும் வழித்தோன்றல்களுக்கும் 59 லட்சம் டாலர் வழங்க நகர்மன்றம் ஒப்புதல் அளித்தது.

காவல் பின்கட்டுத் தம்பதியரிடமிருந்து தனித்தொழிலாகப் பிரிந்தது கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் வளர்ச்சி. செல்வந்தர்களான வால்டர், லியோனோர் அன்னென்பர்க் தம்பதியர் 1966இல் ராஞ்சோ மிராஜில் முடித்த சன்னிலேண்ட்ஸ் போன்ற 200 ஏக்கர் குளிர்கால மாளிகைக்கு நிரந்தரப் பணியாளர்களை வைத்துக்கொள்ள இயலும். ஓர் அடுக்குமாடி வீட்டை வைத்திருக்கும் கனடிய ஓய்வூதியருக்கு இயலாது. கனடிய மாகாணங்களின் அரசு மருத்துவக் காப்பீடு ஆண்டில் ஏறத்தாழப் பாதியேனும் மாகாணத்தில் வாழ்வோருக்கே உரியது என்பதால், அவர்கள் விரும்பினாலும் பாலைவனத்தில் நெடுங்காலம் தங்க முடிவதில்லை. ஆளில்லாத வீட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர் உள்ளே சென்று பார்க்காவிட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்ற காப்பீட்டு நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ள, சாவிக்கொத்தும் சரிபார்ப்புப் பட்டியலும் கைப்பேசிப் படங்களுமாக வாரந்தோறும் வீடு வீடாகச் செல்லும் காவலர்கள் பெருகினர். சன் சிட்டி போன்ற இடங்களில் இப்பணியின் ஒரு பகுதியைக் காவல்துறைக்குத் துணைநிற்கும் முதிய தன்னார்வலர்கள் ஏற்று, வீட்டைச் சுற்றி வந்து கதவுகளைச் சோதிக்கின்றனர். நீர்க்கசிவையும் வெப்பத்தையும் தொலைவிலிருந்தே அறிவிக்கும் கருவிகள் இன்று மலிவு. எனினும் மின்சாரமோ இணையமோ துண்டிக்கப்பட்டால் அவை மௌனமாகிவிடும் என்பதால், நேரில் செல்பவரின் தேவை குறையவில்லை. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரே நாளில் 3 அங்குலத்துக்கும் மேல், அதாவது ஓராண்டில் பெய்வதில் பாதிக்கு மேற்பட்ட மழையைக் கொட்டி, சாலைகளைச் சேற்றில் மூழ்கடித்து, அவசர அழைப்பு எண்ணையும் செயலிழக்கச் செய்தபோது, தொலைவில் இருந்த உடையவர்களுக்கு எஞ்சியிருந்த வழி சாவி வைத்திருந்தவர் மட்டுமே.

கோடையும் முன்புபோல் இல்லை. 2024 ஜூலை 5 அன்று பாம் ஸ்பிரிங்ஸில் 51 பாகை செல்சியஸ் பதிவாகி, நகரின் முந்தைய உச்சங்கள் அனைத்தையும் விஞ்சியது. வெளியில் உழைப்போருக்கு நிழலும் நீரும் தரவேண்டும் என்று 2005இலேயே விதித்த கலிபோர்னியா, அதே 2024 ஜூலையில் கட்டடங்களுக்குள் உழைப்போருக்கும் அப்பாதுகாப்பை விரித்து, உள்வெப்பம் 27.8 பாகையை எட்டினால் முதலாளி குடிநீரும் குளிர்ந்த ஓய்விடமும் அளிக்க வேண்டும் என்றது. தளவாடங்களுக்குப் போதும் என்று 29 பாகையில் நிறுத்தப்பட்ட பூட்டிய வீடு இவ்வரம்பைத் தாண்டியதே. எனினும் ஒரு மணி நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைவாக, 35 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் நிற்பதை அவ்விதி கணக்கில் எடுப்பதில்லை. தம் பெயரிலேயே தனியாகத் தொழில் நடத்தி, தம் வண்டியிலேயே வீடு வீடாகச் செல்லும் காவலர்களுக்கு அது பொருந்துவதும் இல்லை.